"ஆதார் அனுப்புங்க"ன்னு கேட்டா, "எதுக்கு?"ன்னு கேளுங்க

(எபிசோடின் ஒலி வடிவத்திலிருந்து திருத்தி எழுதியது)

இந்த எபிசோட்ல கோடும் இல்ல, இண்டர்வியூ டிப்ஸும் இல்ல. ஃப்ரீலான்ஸ் பண்ற எல்லாரும் கடந்து வர்ற, ஆனா யாரும் உட்கார்ந்து பேசாத ஒரு விஷயம் பேசப் போறோம். நம்ம அடையாள ஆவணங்கள். ஆதார், பான், பாஸ்போர்ட். வேலை கொடுக்கிற கம்பெனிக்கு இதையெல்லாம் அனுப்பலாமா? அனுப்பினா எவ்வளவு, எந்த வடிவத்துல?

நீங்க அனுப்புற மெசேஜ்ல ஒரே கதை திரும்பத் திரும்ப வருது. ஒரு லேண்டிங் பேஜ் கட்டணும், இல்ல ஒரு லோகோ பண்ணணும். ரேட் பேசி முடிச்சாச்சு. மறுநாள் காலையில ஹெச்ஆர்கிட்ட இருந்து ஒரு மெயில். ஆதார் ரெண்டு பக்கமும், பான் கார்டு, பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், கேன்சல்டு செக், பத்தாவது மார்க் ஷீட், ரெண்டு போட்டோ. "இன்னிக்கு ஈவினிங்குள்ள அனுப்பிடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் ஓகே."

ரெண்டு வார வேலை. அதுக்கு ஒரு ஆளோட மொத்த ஜாதகமும்.

பெரும்பாலான பேர் அனுப்பிடறோம். கேட்டா வேலை போயிடுமோன்னு ஒரு பயம். "எல்லாரும்தானே குடுக்கறாங்க"ன்னு ஒரு சமாதானம். இன்னிக்கு நான் சொல்லப் போறது "எதையும் குடுக்காதீங்க"ன்னு இல்ல. குடுக்க வேண்டியதைக் குடுக்காம விட்டா நஷ்டம் நமக்குத்தான். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வேலை இருக்கு. அந்த வேலை என்னன்னு கேளுங்க. வேலையே இல்லாத பேப்பர் உங்க கையிலேயே இருக்கட்டும்.

அந்த லிஸ்ட் எங்கிருந்து வருது?

முதல்ல ஹெச்ஆர் பக்கம் நின்னு பார்ப்போம். அந்த மெயிலை அனுப்பினவங்க பெரும்பாலும் மோசடிக்காரங்க இல்ல. அவங்ககிட்ட ஒரு ஃபார்ம் இருக்கு. அது புதுசா சேர்ற ஊழியர்களுக்காக எப்பவோ யாரோ தயார் பண்ணினது. ஃப்ரீலான்ஸருக்குன்னு தனியா ஒண்ணு இல்லாததால, அதையே நமக்கும் அனுப்பறாங்க.

ஊழியர்னா அந்த லிஸ்ட்ல நிறைய பேப்பருக்குக் காரணம் இருக்கு. பிஎஃப் கணக்குல யுஏஎன்னோட ஆதாரை இணைக்கணும். இஎஸ்ஐ இருக்கலாம், குரூப் இன்சூரன்ஸ் இருக்கலாம்.

நாம அங்க ஊழியர் இல்லையே. கணக்குப் புத்தகத்துல நாம ஒரு வெண்டர். டீ பவுடர் சப்ளை பண்றவர், ஏசி சர்வீஸ் பண்றவர், நாம, எல்லாரும் ஒரே வரிசை. பிஎஃப் கிடையாது, லீவு கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. பேப்பர் மட்டும் ஊழியர் அளவுக்குக் கேட்கறாங்க. சலுகை வெண்டர் கணக்கு, சோதனை ஊழியர் கணக்கு. இந்த ஒரு வித்தியாசம் மனசுல நின்னுடுச்சுன்னா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

எந்த வேலைக்கு எந்தப் பேப்பர்?

பான்ல ஆரம்பிப்போம். இந்தியக் கம்பெனி உங்களுக்குப் பணம் குடுக்கும்போது, தொகை ஒரு வரம்பைத் தாண்டினா டிடிஎஸ் பிடிக்கணும். தொழில்முறைச் சேவைன்னா 10 சதவீதம், டெக்னிக்கல் சேவைன்னா 2 சதவீதம். அந்தப் பணத்தை உங்க பான் எண்ணுல வரவு வைப்பாங்க. பான் குடுக்கலேன்னா 20 சதவீதம் பிடிக்கணும்னு சட்டமே சொல்லுது. 1 லட்ச ரூபாய் இன்வாய்ஸுக்கு 10,000 போக வேண்டிய இடத்துல 20,000 போகும். அதுவும் உங்க பேர்ல வரவு ஆகாது, ரிட்டர்ன் ஃபைல் பண்ணித் திரும்ப வாங்கவும் வழி இருக்காது. அதனால பான் எண் குடுத்தே ஆகணும். குடுத்ததுக்கு அப்புறம் வருஷத்துல ரெண்டு மூணு தடவை இன்கம்டாக்ஸ் தளத்துல 26ஏஎஸ் எடுத்து, பிடிச்ச பணத்தை ஒழுங்காக் கட்டியிருக்காங்களான்னு பாருங்க.

ஆனா இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. டிடிஎஸ் கட்டறதுக்குத் தேவை பான் எண். பத்து எழுத்து. கார்டோட படம் இல்ல. எண் ஒண்ணும் ரகசியம் கிடையாது. ஜிஎஸ்டி பதிவு வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே பான் எண் உட்கார்ந்திருக்கு. ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் அதை அச்சடிச்சுத்தான் குடுக்கறோம். கார்டு படம் அப்படி இல்ல. அதுல உங்க போட்டோ, அப்பா பேர், பிறந்த தேதி, கையெழுத்து நாலும் ஒரே இடத்துல இருக்கு. எண்ணைக் குடுக்கறதும் படத்தைக் குடுக்கறதும் ஒண்ணு இல்ல.

அடுத்து பேங்க். பணம் அனுப்ப என்ன வேணும்? பேர், அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி. அதைச் சரிபார்க்க கேன்சல்டு செக் கேட்கறாங்கன்னா நியாயம். தப்பான அக்கவுண்ட்டுக்குப் பணம் போயிடக் கூடாதுல்ல. ஆறு மாச ஸ்டேட்மெண்ட் எதுக்கு? நீங்க லோன் கேட்கலையே. உங்க மற்ற க்ளையண்ட் யாரு, அவங்க எவ்வளவு தர்றாங்க, வாடகை எவ்வளவு, மாசக் கடைசியில கையில எவ்வளவு மிஞ்சுது, எல்லாம் அதுல இருக்கு. அடுத்த தடவை ரேட் பேசும்போது எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு நீங்களே சீட்டைத் திறந்து காட்டின மாதிரி ஆயிடும்.

பாஸ்போர்ட், மார்க் ஷீட், முகவரிச் சான்று. சில இடத்துல இதுக்கு உண்மையான காரணம் இருக்கு. உங்க க்ளையண்ட்டோட க்ளையண்ட் ஒரு பேங்க்கா இருக்கலாம். அவங்க சிஸ்டத்தைத் தொடற ஒவ்வொரு ஆளையும் பின்னணி சரிபார்க்கணும்னு கான்ட்ராக்ட்லயே எழுதியிருப்பாங்க. அப்படின்னா அதைச் செய்ற ஏஜென்சி எது, அவங்க தளத்துல நேரடியா அப்லோட் பண்ணலாமா, வேலை முடிஞ்சதும் அழிப்பாங்களான்னு கேளுங்க. காரணம் உண்மையா இருந்தா பதில் சீக்கிரம் வந்துடும்.

கடைசியா, "கேஒய்சி"ன்னு ஒரு வார்த்தை. "கேஒய்சிக்காகத்தான்"னு சொன்னதும் நாம அடங்கிடறோம். பேங்க், செல்போன் கம்பெனி, பேமெண்ட் நிறுவனம், இவங்களுக்கு கேஒய்சி சட்டக் கடமை. உங்ககிட்ட லோகோ வாங்கற ஸ்டார்ட்அப்புக்கு அப்படி ஒரு கடமை கிடையாது. அவங்க வாய்ல அது வெறும் பழக்கச் சொல்.

ஆதார் விஷயத்துல சட்டம் என்ன சொல்லுது?

2018 செப்டம்பர் 26. சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிகள் அமர்வு ஆதார் வழக்குல தீர்ப்பு குடுத்தது. ஆதார் சட்டம் செல்லும்னு பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் காரணமா வச்சு ஆதார் சரிபார்ப்பு செய்ய வழிவிட்ட 57-வது பிரிவின் பகுதியை ரத்து பண்ணிடுச்சு.

அடுத்து 2019 திருத்தம். விருப்பப்பட்டா ஆதாரை ஆஃப்லைன்ல காட்டலாம்னு அது ஒரு வழி குடுத்தது. கூடவே ஒரு கட்டுப்பாடும் வச்சது. ஆஃப்லைன் சரிபார்ப்பு செய்ற நிறுவனம் உங்க சம்மதம் வாங்கணும், ஆதாருக்குப் பதிலா வேற என்ன குடுக்கலாம்னும் சொல்லணும். முக்கியமா, ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ பயன்படுத்தவோ சேமிச்சு வைக்கவோ கூடாது. சட்டத்தோட 8ஏ பிரிவுல இது இருக்கு. இதை வச்சுப் பார்த்தா, "ஆதார் ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, ஃபைல்ல வச்சுக்கறோம்"ங்கற வரி எவ்வளவு சாதாரணமா சட்டத்தோட நோக்கத்துக்கு எதிர்த்திசையில போகுதுன்னு புரியும்.

ஒரு வேடிக்கையான சம்பவமும் உண்டு. 2022 மே மாசம் யுஐடிஏஐயோட பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் ஜெராக்ஸை யார்கிட்டயும் குடுக்காதீங்க, தவறாப் பயன்படுத்தலாம், மாஸ்க்டு ஆதார் குடுங்கன்னு. நாடு முழுக்க ஒரே பதற்றம். அதுவரைக்கும் லாட்ஜ்ல இருந்து சிம் கடை வரைக்கும் கேட்ட இடத்துல எல்லாம் நீட்டிக்கிட்டு இருந்தோமே! ரெண்டே நாள்ல மத்திய அரசு அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கிடுச்சு. தவறாப் புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்கு, வழக்கமான எச்சரிக்கையோட பயன்படுத்தினாப் போதும்னு சொல்லுச்சு. அறிவிப்பு போயிடுச்சு. மாஸ்க்டு ஆதார் அப்படியே இருக்கு. மைஆதார் தளத்துல டவுன்லோட் பண்ணும்போது ஒரு டிக் போட்டாப் போதும், முதல் எட்டு இலக்கம் மறைஞ்சு கடைசி நாலு மட்டும் தெரியும். பேர், போட்டோ, முகவரி எல்லாம் இருக்கும். உங்களை அடையாளம் காட்ட அது போதும்.

அதேபோல 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொன்ன காரியத்துக்கு எது தேவையோ அந்த அளவுத் தரவுக்குத்தான் சம்மதம் செல்லும்ங்கறது அதோட அடிப்படை. சட்டத்துக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கு. ஆன்லைன்ல டாக்டரைப் பார்க்க ஒரு ஆப் போடறீங்க. அது உங்க போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்குது. நீங்க சரின்னு அழுத்தினாலும் அந்தச் சம்மதம் கான்டாக்ட் லிஸ்ட்டுக்குச் செல்லாது, ஏன்னா டாக்டரைப் பார்க்க அது தேவையில்ல. நம்ம பேங்க் ஸ்டேட்மெண்ட் கதையும் இதேதான். விதிகள் 2025 நவம்பர்லதான் வந்தது. நிறுவனங்கள் மேல இருக்கிற முக்கியமான கடமைகள் 18 மாசம் கழிச்சு, 2027 மே மாசம்தான் நடைமுறைக்கு வரும். அதுவரைக்கும் நமக்கு நாமதான் காவல்.

அந்த பிடிஎஃப் எங்க போய்ச் சேருது?

இது என் ஏரியா. கம்பெனி உள்பக்கம் எப்படி இருக்கும்னு பார்த்தவன்ங்கறதால சொல்றேன்.

நீங்க அனுப்பின ஆதார் ஒரு பாதுகாப்பான பெட்டகத்துக்குள்ள போய் உட்காரும்னு நினைக்கறீங்க. நடக்கறது வேற. முதல்ல ஹெச்ஆரோட மெயில்ல ஒரு காப்பி. அவங்க போன் வாட்ஸ்அப்ல, கேலரியில ஒரு காப்பி. அக்கவுண்ட்ஸுக்கு ஃபார்வர்ட் பண்ணினது ஒண்ணு. வெளியில இருக்கிற ஆடிட்டருக்கு ஒண்ணு. "வெண்டர் டாக்ஸ்"னு ஒரு டிரைவ் ஃபோல்டர், "லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம்"னு செட்டிங். அந்த ஹெச்ஆர் வேலையை விட்டுப் போயிருப்பாங்க, ஃபோல்டர் இருக்கும். ஒரு இடத்துல நான் பார்த்திருக்கேன், டெஸ்ட் பண்றதுக்காக எடுத்து வச்ச டேட்டாபேஸ்ல நிஜ ஆளுங்களோட ஐடி கார்டு ஃபைல்கள் அப்படியே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோட வைக்கல. அழிக்கணும்னு யாருக்கும் தோணல, அவ்வளவுதான்.

கான்ட்ராக்ட் ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். பிடிஎஃப்புக்கு முடிவு தேதி கிடையாது. பாஸ்வேர்டு கசிஞ்சா மாத்திக்கலாம். பிறந்த தேதியை மாத்த முடியுமா? அப்பா பேரை? முகத்தை?

இன்னொண்ணு. இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கு, பத்திரம்னு பலர் நினைக்கறாங்க. அந்த பாஸ்வேர்டு என்ன? உங்க பேரோட முதல் நாலு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்துல, கூட பிறந்த வருஷம். இது யுஐடிஏஐயே ஊருக்கெல்லாம் சொன்ன முறை. உங்க பேரும் வயசும் தெரிஞ்ச யாரும் திறக்கலாம். லிங்க்ட்இன் பார்த்தாலே ரெண்டும் தெரிஞ்சிடும்.

கெட்டவன் கையில கிடைச்சா?

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன். 2022 பிப்ரவரியில ஒரு செய்தி பரபரப்பாச்சு. ஒரு உடனடிக் கடன் ஆப்ல தங்களோட பான் எண்ணை வச்சு யாரோ லோன் எடுத்திருக்காங்கன்னு பல பேர் சோஷியல் மீடியாவுல புகார் சொன்னாங்க. வாங்காத கடன், கட்டலேன்னு கிரெடிட் ரிப்போர்ட்ல ஏறியிருந்தது. பல பேருக்கு ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தப்பத்தான் விஷயமே தெரிஞ்சது. ஃப்ரீலான்ஸருக்கு இது டபுள் அடி. சம்பளச் சீட்டு இல்லாததால நமக்கு வீட்டு லோன், பைக் லோன் கிடைக்கறதே கஷ்டம். இருக்கிற ஒரே மரியாதை அந்த ஸ்கோர்தான்.

ரெண்டாவது, நம்ம தொழிலுக்கே உரிய ஆபத்து: அடையாளத்தையே வாடகைக்குக் கேட்கறது. "உங்க ஃப்ரீலான்ஸ் அக்கவுண்ட்டை எங்களுக்குக் குடுங்க, வேலை நாங்க பாத்துக்கறோம், மாசம் இவ்வளவு தர்றோம்"னு டெலிகிராம்ல வரும். 2025 ஜூலையில அமெரிக்காவுல அரிசோனாவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 102 மாச சிறைத் தண்டனை கிடைச்சது. திருடின அமெரிக்கர்கள் அடையாளத்தை வச்சு, வட கொரிய ஐடி ஆட்கள் 300-க்கும் மேற்பட்ட கம்பெனிகள்ல ரிமோட் வேலை வாங்கியிருந்தாங்க. கம்பெனிகள் அனுப்பின லேப்டாப்புகளைத் தன் வீட்டுல ஓட வச்சு அதுக்கு உதவினது அவங்க. 1.7 கோடி டாலர் புரண்ட வழக்கு. ரிமோட் வேலை உலகத்துல ஒரு அடையாள அட்டைக்கு என்ன விலைன்னு இதுலேர்ந்து தெரிஞ்சுக்கலாம். உங்க பேர்ல யாரோ ஒருத்தர் வேலை பார்த்து, பணம் வாங்கி, தப்பும் பண்ணினா, கதவைத் தட்டறது உங்க வீட்டைத்தான்.

வெளிநாட்டு க்ளையண்ட்டா இருந்தா?

அமெரிக்க க்ளையண்ட் டபிள்யூ-8பென்னு ஒரு ஃபார்ம் கேட்பாங்க. பயப்பட வேண்டாம், அது முறையானது. நீங்க அமெரிக்கர் இல்லைன்னு உறுதி சொல்ற வரி ஃபார்ம். பேர், நாடு, முகவரி, இந்திய வரி எண்ணா பான், கையெழுத்து. அதை க்ளையண்ட் தன் ஃபைல்லயே வச்சுப்பாங்க. கையெழுத்துப் போட்ட வருஷத்துக்கு அப்புறம் மூணாவது வருஷக் கடைசி வரைக்கும் செல்லும். அந்த ஃபார்மோட பாஸ்போர்ட் ஸ்கேனையும் சேர்த்துக் கேட்டா, அது ஃபார்ம் கேட்கல, அந்த ஆள் கேட்கறார்.

அப்வொர்க் மாதிரி தளங்கள் அடையாள அட்டை கேட்கும், வீடியோவுல முகம் காட்டச் சொல்லும். அது தளத்துக்குள்ள, அவங்க சரிபார்ப்புப் பக்கத்துல நடக்கணும். தளத்துல அறிமுகமான க்ளையண்ட் தனியா டெலிகிராமுக்குக் கூட்டிட்டுப் போய் "வெரிஃபிகேஷனுக்கு பாஸ்போர்ட் அனுப்பு"ன்னு கேட்டா, அங்கேயே நிறுத்திக்கோங்க. கையில அட்டையைப் பிடிச்சுக்கிட்டு செல்ஃபி கேட்டா இன்னும் கவனம். முகமும் அட்டையும் ஒரே படத்துல இருந்தா, வேற ஒரு இடத்துல நீங்களா நடிக்க அதுவே போதும்.

எப்படிக் கேட்கறது, எப்படிக் குடுக்கறது?

எனக்கும் போன வருஷம் ஒரு இடத்துல இருந்து இந்த மாதிரி நீள லிஸ்ட் வந்தது. நான் அனுப்பின பதில் இவ்வளவுதான்:

"வணக்கம். வெண்டராப் பதிவு செய்யத் தேவையான விவரங்களை இணைச்சிருக்கேன்: பான் எண், பேங்க் விவரம், கேன்சல்டு செக், முகவரிக்கு மாஸ்க்டு ஆதார். மற்ற ஆவணங்கள் எதுக்குத் தேவைப்படுதுன்னு சொன்னா, அதுக்கு ஏத்ததை அனுப்பறேன்."

சண்டை இல்ல, சட்டப் பிரிவு மேற்கோள் இல்ல. அரை மணி நேரத்துல பதில்: "இது போதும் சார், அது எம்ப்ளாயீ ஃபார்ம், மாத்தி வந்துடுச்சு." எல்லா இடத்துலயும் இவ்வளவு சுலபமா முடியாதுன்னு தெரியும். ஆனா கேட்டாத்தானே தெரியும்?

நேரமும் முக்கியம். ரேட் பேசும்போதே "பேமெண்ட்டுக்கு என்னென்ன பேப்பர் வேணும்"னு கேட்டுடுங்க. வேலையை முடிச்சுக் குடுத்த பிறகு லிஸ்ட் வந்தா, உங்க கையில எதுவும் இல்ல. பணம் அவங்ககிட்ட, வேலையும் அவங்ககிட்ட. அப்ப எதைக் கேட்டாலும் குடுத்துத்தான் ஆகணும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள்தான் நமக்குக் குரல் இருக்கிற நாள்.

குடுக்கும்போது ஒரு பழைய வழக்கத்தை ஞாபகப்படுத்தறேன். நம்ம அப்பா அம்மா ஜெராக்ஸ் எடுத்தா, குறுக்கே ஒரு கோடு போட்டு, எதுக்காகக் குடுக்கறோம்னு எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுத்தான் குடுப்பாங்க. அது கிராமத்துப் பழக்கம் இல்ல, நல்ல செக்யூரிட்டி. நாமளும் அதையே செய்யலாம். படத்து மேல, முகமும் எண்ணும் இருக்கிற இடத்தைத் தொட்டு, "இன்ன நிறுவனத்துக்கு, இன்ன வேலைக்கு மட்டும், இன்ன தேதி"ன்னு எழுதுங்க. ஓரத்துல எழுதினா வெட்டிட்டுப் போயிடுவாங்க.

ஒரு டெக்னிக்கல் எச்சரிக்கை. பிடிஎஃப் மேல கறுப்புக் கட்டம் வரைஞ்சு மறைச்சா, சில ஆப்கள்ல அந்தக் கட்டம் தனி அடுக்காத்தான் இருக்கும். அதை நகர்த்தினா அடியில எண் அப்படியே தெரியும். எழுதி முடிச்சு, மறைச்சு முடிச்சு, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அந்தப் படத்தை அனுப்புங்க.

வாட்ஸ்அப் வேண்டாம், கம்பெனி மெயில் ஐடிக்கு அனுப்புங்க. டிரைவ் லிங்க் குடுத்தா அந்த ஒரு மெயில் ஐடிக்கு மட்டும் அனுமதி குடுத்து, வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க. டவுன்லோட் பண்ணியிருந்தா தடுக்க முடியாது, ஆனா திறந்து கிடக்கிற கதவு ஒண்ணு குறையும். ஓடிபி மட்டும் யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

இவ்வளவு சொல்லியும் "எல்லாம் குடுத்தாத்தான் வேலை"ன்னு சொன்னா? இதுக்கு ஒரே பதில் கிடையாது. முதல் ப்ராஜெக்ட்டுக்குக் காத்திருக்கிறவங்க, இந்த மாச வாடகைக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறவங்க, "வேண்டாம்னு தூக்கிப் போடு"ன்னு நான் சொன்னா அது திமிர். கம்பெனி எவ்வளவு தெரிஞ்சது, தொகை எவ்வளவு, கேட்கறது என்னன்னு எடை போட்டுப் பாருங்க. குடுக்கறதா முடிவு பண்ணினா மாஸ்க் பண்ணி, மேல எழுதிக் குடுங்க. ஆனா ரெண்டு விஷயத்துல எடையே போட வேண்டாம். வேலை உறுதியாகறதுக்கு முன்னாடியே எல்லா ஆவணமும் கேட்டு, கூடவே "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்" கேட்டா, அது வேலையே இல்ல. உங்க அக்கவுண்ட்டையோ அடையாளத்தையோ வேற யாரோ பயன்படுத்தக் கேட்டாலும் அப்படியே.

ஏற்கெனவே அனுப்பியாச்சா?

கவலையை விடுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

ஒண்ணு, கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு நிறுவனம் இருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும், ரிசர்வ் வங்கி உத்தரவு. மூணு மாசத்துக்கு ஒரு நிறுவனம்னு மாத்தி மாத்தி எடுத்தா வருஷம் முழுக்கக் காசில்லாமக் கண்காணிக்கலாம். தெரியாத லோன் இருந்தா உடனே புகார் பண்ணுங்க.

ரெண்டு, சஞ்சார் சாத்தி தளம். உங்க பேர்ல எத்தனை மொபைல் எண் ஓடுதுன்னு காட்டும். உங்களுது இல்லாததை அங்கேயே புகார் சொல்லலாம்.

மூணு, மைஆதார் தளத்துல உங்க ஆதாரை எங்கெல்லாம் சரிபார்த்திருக்காங்கங்கற வரலாறு இருக்கு. அதைப் பாருங்க. பயோமெட்ரிக் லாக்கையும் போட்டுடுங்க, தேவைப்படும்போது திறந்துக்கலாம்.

நாலு, முடிஞ்சு போன ப்ராஜெக்ட்களோட க்ளையண்ட்டுகளுக்கு ஒரு மெயில். "வேலை முடிஞ்சிடுச்சு. வரிக் கணக்குக்குத் தேவையானது போக, என்னோட மற்ற ஆவணங்களை அழிச்சுட்டு ஒரு பதில் போடுங்க." சில பேர் பதில் போட மாட்டாங்க. சில பேர் போடுவாங்க, நிஜமாவே அழிப்பாங்க.

பணம் போயிடுச்சு, இல்ல மோசடின்னு தெளிவாத் தெரிஞ்சிடுச்சுன்னா, யோசிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க. சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் பதிவு பண்ணுங்க. பணம் கை மாறிட்டே இருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்குப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஹெச்ஆர் இருக்கு, லீகல் டீம் இருக்கு. ஃப்ரீலான்ஸருக்கு எல்லாமே ஒரே ஆள். டிசைனும் நீங்கதான், அக்கவுண்ட்ஸும் நீங்கதான், செக்யூரிட்டி டிபார்ட்மெண்ட்டும் நீங்கதான். அந்த டிபார்ட்மெண்ட் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு வார்த்தைக் கேள்வி கேட்கறது. எதுக்கு?

கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எழுதுங்க. வர்ற பதில்ல பொதுவா உதவக் கூடியதை, கம்பெனி பேர் சொல்லாம, அடுத்த எபிசோட்ல பேசுவோம். ஆவணம் எதையும் எனக்கு அனுப்பிடாதீங்க. எனக்கு அது எதுக்கு?